மஞ்சள் அலகு மாப்பிள்ளை

அந்த வீட்டில் மாப்பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவர் அக்காவைக் கட்டியவர், வேன் ஓட்டுகிறவர், வெயில் சுள்ளென்று முகத்தில் அடிக்கும்வரை போர்வையை விடாதவர். இன்னொருவருக்கு மஞ்சள் அலகு, வெள்ளை இறகு, வால் நுனியில் மேல்நோக்கிச் சுருண்ட இரண்டு இறகுகள், வலது காலில் பச்சை வளையம். முதல் மாப்பிள்ளையை அப்படிக் கூப்பிட்டது அப்பா. இரண்டாவது மாப்பிள்ளைக்கு அந்தப் பட்டம் சூட்டியது சின்னவள். ஒரே கூரைக்கடியில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் என்ன ஆகும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அப்பாவுக்கு முட்டி தேய்ந்த பிறகு வாத்துப் பண்ணையைப் பெண்கள் இரண்டு பேரும்தான் நடத்தினார்கள். இடது கொட்டகை வெள்ளை வாத்துகள், அது அக்காவின் ராஜ்யம். வலது கொட்டகை பழுப்பு வாத்துகள், அது சின்னவளுடையது. வெள்ளைகள் உருண்டு திரண்டவை. நடந்தால் பூசணிக்காய் உருளுவது போல இருக்கும். தோலுக்கடியில் விரல் கனத்துக்குக் கொழுப்பு. நகரத்துப் பெரிய உணவகம் அவற்றை அடுப்பில் முழுசாகச் சுட்டெடுக்கும். கொழுப்பு உருகி வழிந்து தோல் மொறுமொறுவென்று ஆவதற்காகவே அங்கே ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்.

பழுப்புகள் வேறு சாதி. கழுத்து நீளம், நெஞ்சு கெட்டி, கொழுப்பு என்றால் என்னவென்று கேட்கும். வீட்டுச் சமையலுக்குக் கொழுப்பில்லாத கறி வேண்டும் என்று வருகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் பழுப்பு வாத்தின் இறகைப் பிடுங்கினால் கறுப்பு முளைகள் தோலில் தங்கிவிடும், மூன்று நாள் சவரம் செய்யாத முகம் மாதிரி. வருகிறவர்கள் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவார்கள். பழுப்பு வாத்து தீனியை மட்டும் தவறாமல் தின்றது.

"உன் கொட்டகையையும் என்கிட்ட கொடு," என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். அங்கேயும் வெள்ளையையே விட்டால் உணவகத்துக்கு இரட்டிப்பாகக் கொடுக்கலாம் என்பது அவள் கணக்கு.

பழுப்பையே வெள்ளையாக்கிவிட்டால் என்ன என்று சின்னவள் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். ஒல்லி உடம்பு, வெள்ளை இறகு. கறுப்பு முளை இல்லாத சுத்தமான தோல்.

அக்கா சிரித்துவிட்டாள். வெள்ளையானால் கொழுத்துவிடும், இது ஊரறிந்த விஷயம் என்றாள். "வெள்ளையும் கொழுப்பும் பாலும் வெண்ணெயும் மாதிரிடி. பிரிக்க முடியாது."

"பாலிலேர்ந்து வெண்ணெயைப் பிரிச்சுத்தானேக்கா எடுக்கறாங்க?"

அப்பா தட்டைப் பார்த்துக் குனிந்து சிரித்தார். அத்தானுக்குப் புரையேறியது. அக்கா தண்ணீர்ச் செம்பை அத்தான் பக்கம் நகர்த்தியபடியே, வாத்துக்குக் கொழுப்பைக் குறைக்கிறேன் என்கிறவளுக்கு முதலில் குறைக்க வேண்டும் என்றாள். ஆனால் அக்கா நியாயஸ்தி. ஒரு தவணை கொடுத்தாள். ஒரே ஒரு ஒல்லி வெள்ளையைக் கண்ணில் காட்டினால் போதும், கொட்டகை சின்னவளுக்கே. காட்டாவிட்டால் பழுப்புகளை விற்றுவிட்டு வலது கொட்டகையிலும் வெள்ளைக் குஞ்சுகள் இறங்கும்.

அப்படித்தான் தொடங்கியது. கொழுத்த வெள்ளை ஆண் ஒன்றை ஒல்லிப் பழுப்புப் பெட்டைகளோடு விட்டாள். முட்டைகள் வந்தன, இன்குபேட்டரில் அடுக்கினாள், விளக்கொளியில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். ஓடு உடைந்து குஞ்சுகள் வெளியே வந்தபோது அத்தனையும் கறுப்பும் பழுப்புமாக நின்றன. மருந்துக்குக்கூட ஒரு மஞ்சள் குஞ்சு இல்லை. மஞ்சளாகப் பிறப்பவைதான் வளர்ந்து வெள்ளையாகும். அத்தான் இன்குபேட்டர் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, அப்பன் எங்கே போனான் இந்தப் பிள்ளைகளுக்கு என்று கேட்டார்.

சின்னவளுக்கு ஏமாற்றமே இல்லை. இப்படித்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். கூண்டு கழுவிக்கொண்டே அத்தானுக்கு விளக்கினாள். நிறத்துக்கான மரபணு ஒவ்வொரு வாத்துக்கும் இரண்டு பிரதியாக வரும், அப்பனிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டும் வெள்ளைப் பிரதியாக இருந்தால்தான் இறகு வெள்ளை.

"ஒரு கை தட்டினா சத்தம் வருமா அத்தான்? வெள்ளைக்கு ரெண்டு கை வேணும். இதுங்ககிட்ட ஒரு கைதான் இருக்கு. ஆனா இருக்கு. ஒளிச்சு வச்சிருக்கு."

கொழுப்பு எத்தனை கை என்று அத்தான் கேட்டார். அங்கேதான் அவளுக்கு உற்சாகம் பொங்கும். கொழுப்பு ஒரு மரபணுவின் வேலை இல்லை. அது கூட்டுக் குடும்பத்துச் சமையல் மாதிரி, போகிறவர் வருகிறவரெல்லாம் சட்டியில் ஆளுக்கொரு கரண்டி எண்ணெய் விடுவார்கள். சில குஞ்சுக்குப் பத்துக் கரண்டியும் விழும், சிலதுக்கு ஒன்றோ இரண்டோதான் விழும். எண்ணெய் விடுகிற கைகள் வேறு, வெள்ளை தட்டுகிற கைகள் வேறு. அக்காவின் வெள்ளைகளில் இரண்டும் சேர்ந்திருப்பது யாரோ எப்போதோ இரண்டையும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதால்தான். சேர்த்தது மனிதர்கள் என்றால் பிரிக்கவும் முடியும்.

அத்தான் குழாயை மூடிவிட்டு, தனக்கு எல்லாம் புரிந்துவிட்டது, ஆனால் அக்காவிடம் புரிந்ததாகச் சொல்ல மாட்டேன் என்றார்.

அந்தப் பழுப்புக் குஞ்சுகள் வளர்ந்ததும் அடுத்த தலைமுறையை அவற்றுக்குள்ளேயே எடுத்தாள். இன்குபேட்டர் கதவைத் திறந்த காலையை அவள் மறக்கவே மாட்டாள். ஈரமான கறுப்புத் தலைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள். அதற்குப் பின்னால் இன்னொன்று. மூலையில், பாதி ஓட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மூன்றாவது. தேடத் தேட இன்னும் சில. மஞ்சள், மஞ்சள் என்று அவள் கத்தியதில் யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து அப்பா கைத்தடியோடு வந்துவிட்டார்.

மஞ்சள்கள் வளர்ந்து வெள்ளையாயின. ஒன்று பூசணிக்காய் போலக் கொழுத்தது. பெரும்பாலானவை ரெண்டுங்கெட்டானாக நடுவில் நின்றன. ஒன்றே ஒன்று மட்டும், எவ்வளவு தின்றாலும், நீண்ட கழுத்தும் கெட்டி நெஞ்சுமாக, கல்யாணத்துக்குத் தைத்த சட்டைக்குள் நிற்கிற பையன் மாதிரி நிமிர்ந்து நின்றது. அதுதான் மாப்பிள்ளை. கால்நடை மருத்துவரம்மா ஸ்கேன் கருவியை அதன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். மற்ற வாத்துகளுக்குத் திரையில் கயிறு போலத் தெரிந்த கொழுப்புக் கோடு இதற்கு நூல் போலத் தெரிந்தது.

அக்கா அசையவில்லை. மெஷின் சொல்வதையெல்லாம் நம்ப முடியாது என்றாள். ஒருவேளை சின்னவள் பட்டினி போட்டிருக்கலாம் என்றும் சொன்னாள். சின்னவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அக்காவின் கொட்டகையிலேயே, அக்காவின் வெள்ளைகளுக்கு நடுவிலேயே விட்டாள். அதே தொட்டி, அதே தீனி. விற்பனைக்குப் போகும் நாள்வரை அங்கேயே தின்னட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள். நல்ல யோசனைதான். அதில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அக்கா வாத்தின் காலைப் பார்ப்பதே இல்லை. அவளுக்கு இடது கொட்டகையில் இருப்பது வெள்ளை, வெள்ளை என்றால் வேன்.

உணவகத்துக்கு அனுப்பும் நாளன்று சின்னவளுக்கு நகரத்தில் வேலை இருந்தது. மாப்பிள்ளைக்குப் பெண் பார்க்க வேண்டியிருந்தது. அவனுடைய பழுப்புச் சகோதரிகளில் நூல் மாதிரிக் கொழுப்புள்ளவை சில இருந்தன. அவற்றில் யாரிடம் ஒளித்து வைத்த வெள்ளைப் பிரதி இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இறகு வேர்களை உறையில் போட்டு ஆய்வகத்துக்குக் கொடுத்திருந்தாள். முடிவு தயார் என்று செய்தி வந்ததும் விடிகாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

வாசலில் அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஓடுகிற ஓட்டத்தில் அவரிடம் சொன்னாள்:

"அப்பா, இன்னைக்கு மாப்பிள்ளையை வேன்ல ஏத்த வேணாம்னு சொல்லிடுங்க. மறந்துடாதீங்க."

அப்பா நுரை நிறைந்த வாயோடு தலையாட்டினார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். மறதியும் கிடையாது. வம்பே அதனால்தான் வந்தது.

ஆய்வகத்தில் வெள்ளை மேலங்கி போட்ட பெண் ஒருத்தி தாளை நீட்டினாள். சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை வரிசையில் ஓடவிட்டாள். அவள் ஆசைப்பட்டது நீல வளையக்காரி. பழுப்புகளிலேயே ஒல்லி, யாரையும் கிட்டே அண்ட விடாத திமிர்க்காரி. நீல வளையத்துக்கு எதிரே ஒரு வெள்ளைப் பிரதி என்று இருந்தது.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாப்பிள்ளையிடம் இரண்டு கை, நீல வளையக்காரியிடம் ஒரு கை. பிறப்பதில் ஏறக்குறைய சரிபாதி வெள்ளை. அப்பன் ஒல்லி, அம்மா ஒல்லி. சட்டியில் எண்ணெய் விட ஆளே இல்லை. அந்த மேலங்கிப் பெண்ணிடம் நன்றி சொன்னாளா என்றுகூட அவளுக்கு ஞாபகமில்லை. படியிறங்கும்போதே வீட்டுக்குப் போன் போட்டாள்.

அப்பாதான் எடுத்தார். அவர் குரலில் பெருமை. அவள் சொன்னதைக் கண்ணும் கருத்துமாகச் செய்துவிட்டாராம். மாப்பிள்ளை இன்றைக்கு வேனில் போக வேண்டாமாம் என்று பெரியவளிடம் சொன்னாராம். பாவம், அவருக்கும் ஓய்வு வேண்டாமா. மாப்பிள்ளை அதைக் கேட்டதும் மறுபடி போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாராம். பெரியவள் தானே வேனை எடுத்துக்கொண்டு வெள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டாளாம்.

சின்னவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"எல்லா வெள்ளையுமாப்பா?"

"ஒண்ணு விடாம. கொட்டகை துடைச்சு விட்ட மாதிரி இருக்கு."

அக்காவின் போனுக்கு அடித்தாள். மணி போனதே தவிர எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அக்கா கடவுளே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டாள். உணவகம் நான்கு தெரு தள்ளி. பஸ்ஸுக்கு நிற்க நேரமில்லை. சின்னவள் துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டு ஓடினாள். செருப்புக் கடை, சைக்கிள் கடை, பள்ளிக்கூடச் சுவர், ஓரத்தில் இறக்கிக்கொண்டிருந்த சிமெண்டு மூட்டைகள். ஓடும்போது தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். வாத்து என்று சொல்லியிருக்கக் கூடாதா? பச்சை வளையம் என்று சொல்லியிருக்கக் கூடாதா? நாக்கில் சனி. இது போனால் மறுபடி முட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அக்கா இன்னொரு தவணை கொடுக்க மாட்டாள்.

உணவகத்தின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே நீராவி. ஆள் உயரக் கொப்பரையில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. தரை முழுக்க நனைந்த வெள்ளை இறகு, காலில் ஒட்டியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

தலைமைச் சமையல்காரரை எல்லோரும் கரண்டி அண்ணன் என்பார்கள். பனைமரத்தில் பாதி உயரம், கை மட்டும் முறம் மாதிரி. கடித்துக்கொண்டிருந்த வெள்ளரிக்காயைக் கீழே வைத்தார்.

"அண்ணே, எங்க மாப்பிள்ளை இங்க வந்தாரா?" அவளுக்கு மூச்சு வாங்கியது.

மாப்பிள்ளை வரவில்லை, அக்காதான் வந்துவிட்டுப் போனாள் என்றார் அவர். வீட்டில் ஏதாவது சண்டையா என்று குரலைத் தணித்து விசாரித்தார்.

"அந்த மாப்பிள்ளை இல்லண்ணே. வெள்ளையா இருப்பாரு. ஒல்லியா, கழுத்து நீட்டமா, கால்ல வளையம் போட்டிருப்பாரு."

கரண்டி அண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தார். வெயிலில் ஓடி வந்திருக்கிறாள், ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினார். அவள் குடிக்காமல் சுவரைப் பார்த்தாள். கொக்கிகளில் வரிசையாகத் தொங்கின, இறகு பிடுங்கிய வாத்துகள். கால்கள் வெட்டப்பட்டிருந்தன. வளையமும் இல்லை, நிறமும் இல்லை. இறகு போன பிறகு எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தன.

ஒன்று போலவா?

அவள் முதல் கொக்கியிடம் போனாள். நெஞ்சுத் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தாள். கொழுப்பு. விரல் புதைந்தது. அடுத்தது. கொழுப்பு. அடுத்தது. கொழகொழவென்று கொழுப்பு. அவள் கை வேகமெடுத்தது. கொக்கி கொக்கியாக நகர்ந்தாள், ஒவ்வொரு தடவையும் விரல் புதைந்தது. வரிசை முடிந்தது. ஒல்லி என்று ஒன்றுகூட இல்லை.

பின்னால் கரண்டி அண்ணனின் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னம்மா இது, எல்லாரையும் தொட்டுப் பார்த்து, ஒருத்தரும் பிடிக்கலைங்கற மாதிரி நிக்கறே?" என்றார் கரண்டி அண்ணன்.

"பிடிக்கலைண்ணே. ரொம்ப சந்தோஷம்," என்று சொல்லி அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது. "இதுல இல்லைன்னா அவர் எங்கண்ணே?"

அப்போதுதான் அவருக்கு ஏதோ பொறி தட்டியது. முகம் மாறியது. கோபம் வந்துவிட்டது. உன் அக்காவை நான் எத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா என்று ஆரம்பித்தார். இன்றைக்கு வந்த கூண்டில் ஒன்றைத் தூக்கியதுமே கை சொல்லிவிட்டதாம். வெள்ளை இறகுக்குள்ளே வெறும் எலும்பும் சதையும். தடவிப் பார்த்தால் கொழுப்பு என்ற பேச்சே இல்லை. அதை அடுப்பில் வைத்தால் செருப்பு மாதிரி வரும். எவனாவது பழுப்பு வாத்துக்கு வெள்ளையடித்துக் கொண்டுவந்துவிட்டானோ என்று இறகை நகத்தால் சுரண்டிக்கூடப் பார்த்தாராம்.

"இருபது வருஷமா வாத்தைத் தொடற கைம்மா இது. வெள்ளை வாத்துல இப்படி ஒண்ணை இதுவரைக்கும் தொட்டதில்ல. வந்து எடுத்துட்டுப் போன்னு உங்க அக்காவுக்குப் போன் பண்ணிட்டேன். டீ குடிக்க வண்டியை நிறுத்தியிருந்தா, எடுத்துட்டா."

அவர் கை காட்டிய மூலையில், முட்டைக்கோஸ் வந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஒரு கோஸ் இலையைக் கிழித்துக்கொண்டு நின்றார் மாப்பிள்ளை. பச்சை வளையம் பளபளத்தது. சின்னவளைப் பார்த்ததும் ஆண் வாத்துக்கே உரிய கரகரத்த குரலில், சளி பிடித்த கிழவர் மாதிரி, ஏதோ குறை சொன்னார். அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து அவரை மடியில் அள்ளிக்கொண்டாள். அவர் அவள் காதைக் கடித்தார்.

வெளியே வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. அக்கா கதவை அறைந்து சாத்துகிற தினுசிலேயே தெரிந்தது, கோபமாகத்தான் வருகிறாள். ஒரு வாத்து திரும்பி வந்தால் அவளுக்குத் தூக்கம் போய்விடும். உள்ளே நுழைந்தவள் தங்கை தரையில் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்கவில்லை. நேராகக் கரண்டி அண்ணனிடம் போய், என் வெள்ளையில் குறையே இருக்காது, எடுத்துக் காட்டுங்கள் என்றாள்.

கரண்டி அண்ணன் மறுபடி முதலிலிருந்து பாடினார். வெள்ளை. கொழுப்பே இல்லை. எலும்பும் சதையும். அவர் வரிக்கு வரி திட்ட, சின்னவளுக்கு அது ஒவ்வொன்றும் மாலை விழுவது போல இருந்தது. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் அண்ணே என்று கேட்க வேண்டும் போல இருந்தது. அக்காவின் முகத்தில் முதலில் கோபம் இருந்தது, பிறகு குழப்பம் வந்தது. பிறகு அவள் மெதுவாகத் திரும்பி, பெட்டி இருந்த மூலையைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். மடியிலிருந்த வாத்தைப் பார்த்தாள். முதல் தடவையாக அதன் காலைப் பார்த்தாள்.

"இதைத்தான் ஏத்த வேணாம்னியா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப வீட்டுல குறட்டை விட்டுத் தூங்கறவரு?"

"அவரை யாரு வேணாம்னா? அவர்தான் வேன் ஓட்டணும்."

அக்காவின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறாளா, அத்தானை நினைத்துப் பல்லைக் கடிக்கிறாளா என்று சொல்ல முடியாது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தங்கைக்குப் பக்கத்தில் குந்தினாள். மாப்பிள்ளையின் நெஞ்சில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் புதையவில்லை. இறக்கைக்கு அடியில் பிடித்துப் பார்த்தாள். பின்னால், அடிவயிற்றில் பார்த்தாள். தன் கொட்டகையில், தன் தீனியைத் தின்று வளர்ந்த வாத்து. பட்டினி என்று இனி யாரும் சொல்ல முடியாது. இறகை ஒதுக்கித் தோலைப் பார்த்தாள். சுத்தமான வெள்ளை, ஒரு கறுப்புப் புள்ளி இல்லை.

"வெண்ணெயைப் பிரிச்சுட்டேடி," என்றாள் கடைசியில், தங்கைக்கு மட்டும் கேட்கிற குரலில்.

கரண்டி அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. கெட்டுப்போன சரக்கைத் திருப்பிக் கொடுத்தால் இவர்கள் ஏன் விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். இந்த ஒன்றுக்குப் பதில் நாளைக்கு இரண்டு கொழுத்ததாக அனுப்புகிறேன் என்று அக்கா சொன்னதும் சமாதானமாகி வெள்ளரிக்காயை எடுத்துக்கொண்டார்.

வேனில் சின்னவள் முன் இருக்கையில், மாப்பிள்ளை அவள் மடியில். சன்னல் வழியாகக் கழுத்தை நீட்டி ஊரைப் பார்த்துக்கொண்டு வந்தார். சின்னவள் நிறுத்தாமல் பேசினாள். சகோதரிகளில் இன்னும் எது எதை வைத்துக்கொள்வது, முட்டையை எப்போது அடுக்குவது, மஞ்சள் குஞ்சு எத்தனை எதிர்பார்க்கலாம். அக்கா சாலையிலேயே கண் வைத்து ஓட்டினாள். வலது கொட்டகையைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது. அக்கா சொன்ன சொல் மாறாதவள்.

சிக்னலில் வண்டி நின்றபோது அக்கா ஓரக்கண்ணால் வாத்தைப் பார்த்தாள்.

"இவனுக்குப் பொண்ணு பார்த்துட்டியா?"

"பார்த்தாச்சு. நிறம் கொஞ்சம் கம்மி. ஆனா உள்ளுக்குள்ள ஒரு வெள்ளை வச்சிருக்கா. தாளிலேயே எழுதிக் கொடுத்துட்டாங்க."

"குணம்?"

"திமிர். கிட்ட போனா கொத்துவா."

அக்கா கியரை மாற்றினாள். "நம்ம வீட்டுக்குச் சரியா வரும்," என்றாள்.

மாப்பிள்ளை அதைக் கேட்டு ஆமோதிப்பது போல ஒரு தரம் கரகரத்துவிட்டு, மடியிலிருந்து இறங்கி, அக்கா துடைத்து வைத்த இருக்கையில் எச்சமிட்டுத் தன் சீரைச் செய்து முடித்தார். வழக்கமாக வண்டியையே நிறுத்தி ஊரைக் கூட்டுகிறவள், இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் திட்டையெல்லாம் வீட்டில் தூங்குகிற இன்னொரு மாப்பிள்ளைக்காகச் சேர்த்து வைத்துக்கொண்டாள்.